வேலிக்கு அந்தப் பக்கம் ஒகினாவா

மாசி பிறந்தால் எங்கள் மாட்டுக்கொட்டகை ஓரத்துக் கல்யாண முருங்கை இலையெல்லாம் கொட்டிவிட்டு வெறும் சிவப்புப் பூவாக நிற்கும். இந்த வருடம் பிள்ளைக்குச் சளி. அடை வார்க்க இலை பறிக்கப் போன அம்மா வெறுங்கையோடு திரும்பி வந்து, "சளி புடிக்கிற நேரம் பாத்து மொட்டையடிச்சிக்கிட்டு நிக்குது பாரு" என்று மரத்தைத் திட்டினாள்.

எனக்கு அந்தச் சிவப்பைப் பார்த்தால் புயல் கணக்குதான் ஞாபகம் வரும். ஜப்பானின் தெற்கே, தைவானுக்குப் போகும் வழியில் கிடக்கும் ஒகினாவா தீவில் இதே மரம் தெருவுக்குத் தெரு நிற்கிறது. தெய்கோ என்பார்கள். அந்த மாகாணத்தின் மலரே அதுதான். தெய்கோ அடர்ந்து பூத்தால் அந்த வருடம் புயல் அதிகம் என்பது அங்குள்ள கிழவிகள் சொல்லும் கணக்கு. 2005ஐ ஒட்டி ஒரு பொடிக் குளவி இந்த மரத்தின் இலைகளை முண்டு முண்டாக வீங்க வைத்துப் பாழாக்கியதே, கேரளத்தில் மிளகுக்கொடி ஏற்றிய மரங்களைக்கூட விடாமல்? அதே குளவி அங்கேயும் அதே காலத்தில் போயிருந்தது. கடல் தாண்டிப் போன என்னை முதலில் அடையாளம் தெரிந்துகொண்டது இந்த மரம்தான் என்று அம்மாவிடம் சொல்வேன். அவள், "மரம் அடையாளம் கண்டுச்சாக்கும்" என்று போய்விடுவாள்.

வீட்டுக்காரருக்கு அங்கே பவளப்பாறை ஆராய்ச்சி. ஒன்னா என்ற கடலோரக் கிராமத்தின் மேட்டில், காட்டுக்கு நடுவே, ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. உலகத்திலேயே முதன்முதலாக ஒரு பவள உயிரியின் முழு மரபணுத் தொகுதியை 2011இல் வாசித்த இடம். அங்கே எல்லாம் ஆங்கிலம். மாணவர்கள் பல நாட்டுக்காரர்கள், பேச்சு ஆங்கிலம், கேன்டீன் ஆங்கிலம். ஜப்பானிய மொழியில் ஒரு சொல் தெரியாமலே வருடக்கணக்கில் காலம் தள்ளலாம். தள்ளியவர்களையும் பார்த்தேன். ஆனால் நாங்கள் வளாகக் குடியிருப்பில் இல்லை. கிராமத்துக்குள் ஒரு பழைய காங்கிரீட் வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். காலையில் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விடுவார். கீழே நானும், கடலும், தமிழும் ஆங்கிலமும் தெரியாத ஓர் ஊரும்.

அரியலூர் அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் படித்தவள் நான். வேறு வேலை இல்லை. படிக்க வேண்டியதாயிற்று.

வகுப்பு செவ்வாய்க்கிழமை மாலை, ஊர்ப் பொதுக்கூடத்தில். ஜப்பானில் ஒவ்வொரு ஊருக்கும் இப்படி ஒரு கூடம் உண்டு. கல்யாணத்துக்கு இல்லை, கூட்டம் போட, நடனம் பழக, கிழவர்கள் கோ விளையாட, பேரிடர் வந்தால் தங்க. செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கோரைப்பாய் விரித்த அறைக்குள் சப்பணம் போட்டு உட்கார வேண்டும். அந்தப் பாயின் வாசனை இருக்கிறதே, மழைக்காலத்தில் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை. காசு வாங்க மாட்டார். தேநீருக்கும் பிஸ்கட்டுக்கும் மட்டும் எல்லாரும் சேர்ந்து போடுவோம். என்னோடு ஓட்டல் சமையலறையில் வேலை பார்க்கும் நேபாளப் பையன்கள் இருவர், ஊரிலேயே கட்டிக்கொடுத்திருந்த ஒரு ஃபிலிப்பைன்ஸ் பெண், பிறகு பிரேசிலிலிருந்து வந்த ஒரு நடுவயதுக்காரர். அவருடைய தாத்தா ஒகினாவாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர். முகம் அச்சு அசல் ஊர்க்காரர் முகம். அதனால் கடையில் எல்லாரும் அவரிடம் கடகடவென்று பேசிவிடுவார்கள், அவர் திருதிருவென்று விழிப்பார். என்னைப் பார்த்தால் மெதுவாகப் பேசுவார்கள். முகத்துக்கு அந்த லாபம் இருந்தது.

ஹிரகானா 46 எழுத்து, கதகானா அதே அளவு. இதெல்லாம் 247 எழுத்தை அரிச்சுவடியில் முடித்துவிட்டு வந்த நமக்குப் பெரிய காரியமில்லை. சீன எழுத்தான காஞ்சிதான் கண்ணைக் கட்டும். அன்றாடத்துக்கு வேண்டியவை என்று அரசாங்கம் போட்டிருக்கும் பட்டியலிலேயே 2,136 எழுத்து. ஆனால் இலக்கணம் வந்ததும் நேபாளப் பையன்கள் என் நோட்டை எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். 'நான் நேற்று சந்தையில் மீன் வாங்கினேன்' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி வைத்தால் போதும், ஜப்பானிய வாக்கியம் தயார். வினை கடைசியில். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். ஆசிரியை இதைப் பார்த்துவிட்டு ஒருநாள், "ஓனோ சென்செய் சொன்னது நிஜம்தானோ?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோக்கியோவில் கக்குஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த சுசுமு ஓனோ, ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று எழுதியதை எங்கள் கல்லூரி மேடைகளில் கைதட்டலுக்கென்றே சொல்வார்கள். யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியர் அவரோடு சேர்ந்து உழைத்தவர்கள். பொங்கலையும் ஜப்பானியர்களின் சிறு புத்தாண்டுச் சடங்கையும்கூட அவர் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. நானும் நம்பியதில்லை. வாக்கிய அமைப்பு ஒத்துப்போவதற்கு உறவு வேண்டியதில்லை. கொரிய மொழியிலும் துருக்கியிலும் இதே வரிசைதான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கோட்பாடு தப்போ சரியோ, குளிர்கால மாலைகளில் வினைத்திரிபு படிக்க அது எனக்குத் தெம்பு கொடுத்தது. பதிலுக்கு நான் நொபொரு கராஷிமாவைப் பற்றிச் சொன்னேன். சோழர் கல்வெட்டுகளைத் துருவித் துருவிப் படித்த ஜப்பானியர். 1995இல் தஞ்சாவூரில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது உலகத் தமிழாராய்ச்சி மன்றத்துக்கு அவர்தான் தலைவர். கங்கைகொண்ட சோழபுரம் எங்கள் பக்கம்தான் என்று கொஞ்சம் பெருமையாகவே சேர்த்துக்கொண்டேன். ஆசிரியை அவர் பெயரையே கேள்விப்பட்டதில்லை.

வகுப்பு இப்படி. பாடம் வேறெங்கோ நடந்தது.

ஊர் நடுவே கம்பத்தில் நான்கு பக்கமும் பார்த்தபடி ஒலிபெருக்கி. சாயங்காலம் பிள்ளைகள் வீட்டுக்குப் போக ஒரு மெட்டு வாசிக்கும். மற்ற நேரத்தில் ஊர் அறிவிப்பு. சுனாமி எச்சரிக்கையும் அதில்தான், மருத்துவ முகாமும் அதில்தான். சொல்பவர் என்னவோ நிறுத்தி நிறுத்தித்தான் சொல்வார். ஆனால் குரல் எதிர்மேட்டில் மோதித் திரும்பி வந்து அடுத்த சொல்லின் தலையில் ஏறிவிடும். ஆரம்பத்தில் எனக்கு அதில் எண்கள் மட்டும்தான் பிடிபடும். எட்டு மணி என்கிறார்கள், எதற்கு எட்டு மணி? கையில் கரண்டியோடு மொட்டைமாடிக்கு ஓடுவேன். அங்கிருந்து கேட்டால் எதிரொலி கொஞ்சம் குறைவு. நோட்டில் காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதி, செவ்வாய்க்கிழமை ஆசிரியையிடம் காட்டுவேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்து, பிறகு திருத்தித் தருவார். ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் கேட்டல் தாள் பிறகு எனக்குச் சிரமமாகவே இல்லை என்றால் அந்தக் கம்பத்துக்குத்தான் நன்றி. ஜூன் 23 நண்பகலில் மட்டும் வேறு மாதிரி. 1945இல் ஒகினாவாப் போர் ஓய்ந்த நாளாக அதை அனுசரிக்கிறார்கள். அன்றைக்கு ஊரே ஒரு நிமிடம் நின்றுவிடும். கடைக்காரர் கையில் பையோடு நிற்பார். நானும் நின்றேன்.

மொட்டைமாடி என்றேன். ஒகினாவா வீடுகள் நம்மூர் வீடுகள் மாதிரியே தட்டைக் கூரை, மேலே தண்ணீர்த் தொட்டி. புயலுக்குப் பயந்து காங்கிரீட், வறட்சிக்குப் பயந்து தொட்டி. 1981-82இல் 326 நாள் தண்ணீர்க் கட்டுப்பாடு இருந்ததாம். அம்மா பெரம்பலூரிலிருந்து போன் செய்தால் முதல் கேள்வியே, "பாப்பா, அங்க தண்ணி வருதா?" என்பதுதான். ஜப்பானில் போய் இதைக் கேட்கிறாளே என்று வீட்டுக்காரர் சிரிப்பார். பக்கத்து வீட்டு ஒபாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "உன் அம்மாவுக்கு விவரம் தெரிகிறது" என்றார்.

ஒபா என்றால் அங்கே பாட்டி. எண்பதைத் தாண்டியவர், தனியாக இருந்தார். வேலி முழுக்கப் பாகற்கொடி. ஒகினாவாவில் பாகற்காய் இல்லாத வீடில்லை. காயை நெடுக்கே பிளந்து, ஸ்பூனால் பஞ்சை வழித்து, பிறை பிறையாக நறுக்கி உப்புப் போட்டுக் கையால் அழுத்திப் பிசைவார். விரலிடுக்கில் பச்சைத் தண்ணீர் இறங்கும். பிழிந்து எடுத்து, டோஃபுவும் முட்டையும் போட்டு வதக்குவது. பன்றி இறைச்சியும் போடுவார்கள். எனக்கென்று அதை விட்டுவிடுவார். டோஃபு அங்கே கடையில் சுடச்சுட பையில் வரும். எத்தனை மணிக்கு வரும் என்று கடையில் நேரம் எழுதி ஒட்டியிருப்பார்கள். ஒபா அந்த நேரத்துக்கு அரைமணி முன்னாலேயே புறப்பட்டுவிடுவார். நாங்கள் கிளம்பும் காலத்தில் புதிய உணவுச் சுகாதார விதி வந்து, சூடாக விற்பது மிகவும் குறைந்துபோயிற்று. ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்ததை அவர் கடைசிவரை டோஃபு என்று ஒத்துக்கொள்ளவில்லை.

நான் பதிலுக்குப் பாகற்காய்ப் புளிக்குழம்பு கொடுத்தேன். புளிதான் அவருக்குப் புதுசு. அவர் கொடுத்த கரும்புக் கருஞ்சர்க்கரைக் கட்டியைப் போட்டிருந்தேன் என்பது தெரிந்ததும் பாதி சமாதானமானார். சின்ன வெங்காயம்தான் அங்கே கிடைக்கவில்லை. செட்டிகுளம் வெங்காயத்தைத் தின்று வளர்ந்தவளுக்கு அது பெரிய குறை. தீவில் ரக்கியோ என்று மண்ணோடு விற்கும் ஒரு வெள்ளை வெங்காய வகையை உரித்துத் தாளித்துப் பார்த்தேன். சாம்பாருக்கு ஒத்துவந்தது. ஆனால் உரித்து முடிக்க ஒரு மாலை போயிற்று.

ஒபா பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. என் படிப்பின் குறை என்று நினைத்து, புரியாததை எழுதிக்கொண்டுபோய் ஆசிரியையிடம் காட்டினேன். அவர் நோட்டை வெகுநேரம் பார்த்தார். "இது ஜப்பானிய மொழி இல்லை. ஊர் மொழி. எனக்கும் இதில் பாதிதான் தெரியும். என் பிள்ளைகளுக்குச் சுத்தமாகத் தெரியாது" என்றார்.

1429இலிருந்து 1879 வரை இந்தத் தீவுகள் தனி நாடு. ரியூக்யூ ராஜ்யம். மலாக்கா வரை கப்பல் விட்டவர்கள், நம் செட்டிகளும் புழங்கிய துறைமுகம் அது. ஜப்பான் அதை மாகாணமாக்கிக்கொண்ட பிறகு பள்ளிக்கூடத்தில் ஊர் மொழி பேசக்கூடாது என்றாயிற்று. பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரப்பலகையை மாட்டுவார்கள். அடுத்து யாராவது வாய் தவறிப் பேசினால் அவன் கழுத்துக்கு அது மாறும். ஆகவே பலகையைக் கழற்ற வேண்டுமானால் கூடப் படிக்கிறவனைக் காட்டிக்கொடுக்க வேண்டும். இதை ஒபா பாகற்காய் பிசைந்துகொண்டே சொன்னார். அவர் கழுத்தில் தொங்கியதா என்று கேட்டேன். "தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரி காலை மிதித்தேன், அவள் ஊர் மொழியில் கத்தினாள், அவள் கழுத்துக்குப் போய்விட்டது" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு பாதிதான் வந்தது. நான் சின்ன வகுப்பில் படித்த ஆங்கிலப் பள்ளியில் தமிழில் பேசினால் ஒரு ரூபாய். யார் பேசினார்கள் என்று எழுதிவைக்க ஒரு பெண்ணை நியமித்திருப்பார்கள். பலகை இல்லை, நோட்டு, அவ்வளவுதான் வித்தியாசம். ஒபாவிடம் இதைச் சொல்ல முயன்றேன். அபராதம் என்பதற்கு எனக்கு அப்போது ஜப்பானியச் சொல் தெரியாது. சுருக்குப்பையிலிருந்து காசு எடுத்துக் கொடுப்பதுபோல் கையைக் காட்டினேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. நான் ஆறுமாதமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்த மொழி அவருக்கும் பள்ளிக்கூடத்து மொழிதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு அவரிடம் தப்பும் தவறுமாகப் பேச வெட்கமே இருக்கவில்லை.

ஊருக்கு வெளியே போக வேண்டுமானால் 120ஆம் எண் பஸ். தெற்கே நாஹா, வடக்கே நாகோ, வலமும் இடமும் கடலும் காடும். ரயில் கிடையாது. ஒரு காலத்தில் சிறு ரயில் இருந்தது. 1914இல் ஓட ஆரம்பித்து 1945 போரில் அழிந்தது. 2003இல் நாஹாவுக்குள் மட்டும் ஒற்றைத் தண்டவாள ரயில் விட்டார்கள். பெரம்பலூர்க்காரிக்கு இதில் என்ன ஆச்சரியம்? மாவட்டத் தலைநகராகியும் ரயிலைப் பார்க்க நாங்கள் அரியலூருக்குத்தான் போக வேண்டும். ரோட்டில் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள். ஆனால் 1972 வரை அமெரிக்க ஆட்சி, அமெரிக்க வழக்கப்படி வலப்பக்கம்தான். 1978 ஜூலை 30 காலையில் ஒரே மூச்சில் தீவே இடப்பக்கம் மாறியது. தெரு தாண்டும்போது எந்தப் பக்கம் பார்ப்பது என்று ஒபா இன்னமும் இரண்டு பக்கமும் பார்ப்பார்.

அந்த பஸ்ஸில் நாகோ போய், அதற்கும் அப்பால் ஒருமுறை வீட்டுக்காரரோடு போனபோது திடீரென்று அடிவயிற்றைப் பிசைந்தது. மலையைப் பாதியாக அறுத்து வெள்ளையாக நிற்கிறது, சுண்ணாம்புக்கல் சுரங்கம். கீழே சிமென்ட் ஆலை. வரிசையாக லாரி. என் அப்பா அரியலூரில் ஒரு சிமென்ட் ஆலையின் எடைமேடையில் குமாஸ்தா. அந்த வெள்ளைத் தூசு எங்கள் வீட்டுக் கொடித்துணியில், தலையணை உறையில், சோற்றில்கூட இருந்தது. கடற்கரையும் செம்பருத்தியும் காட்டி எல்லாரும் சுற்றுலாப் படம் எடுக்கிற தீவில் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது இந்தத் தூசைப் பார்த்து! அங்கிருந்து மண்ணும் கல்லும் ஹெனோக்கோவில் அமெரிக்கத் தளத்துக்குக் கடலைத் தூர்க்கப் போகின்றன. வாயிலில் கிழவர்கள் லாரிக்கு முன்னால் நடந்து ரோட்டைக் கடக்கிறார்கள், வேண்டுமென்றே, அடி மேல் அடி வைத்து. காவலர்கள் கையை நீட்டியபடி பின்னால் வருகிறார்கள். வீட்டுக்காரர் பவளம் பார்க்கிறவர், அவருக்குப் பேச்சே எழவில்லை. காரை மேட்டில் சிறு வயதில் நாங்கள் பொறுக்கி விளையாடிய, நத்தைபோலச் சுருண்ட கற்களும் கடல் உயிர்கள்தாம், நம் ஊரும் கடலாக இருந்ததுதான் என்று கல்யாணமான புதிதில் எனக்குச் சொன்னவர் அவர்.

புயலைச் சொல்லாமல் விட முடியாது. 2018 செப்டம்பர் கடைசியில் வந்த புயல் இரவும் பகலும் நின்று அடித்தது. கரன்ட் போயிற்று. ஜன்னல் இடுக்கில் துணி திணித்துக்கொண்டு ஒபாவை எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தோம். அவர் ஒரு பொட்டலத்தில் சோற்றுருண்டையும் சீட்டுக்கட்டும் கொண்டுவந்தார். அம்மா பதறிப்போய் போன் மேல் போன். இரண்டு மாதம் போகவில்லை, நவம்பரில் இங்கே கஜா புயல். இப்போது நான் பதறினேன். எங்கள் பக்கம் தப்பித்தது. பட்டுக்கோட்டையில் சித்தி வீட்டுத் தென்னை அத்தனையும் சாய்ந்துவிட்டது. ஒபா தொலைக்காட்சியில் தேடினார், ஒரு வரிகூட வரவில்லை. "எங்கள் புயலும் உங்கள் டிவியில் வந்திருக்காதே" என்றார். உண்மைதான்.

அடுத்த வருடம் கோடையில் தீவுக்கு முதல் செவன் இலெவன் கடை வந்தது. ஜப்பானில் கடைசியாக வந்த இடம் ஒகினாவா, அதற்கே பெரிய வரிசை. அக்டோபர் கடைசி நாள் விடிகாலை ஷூரி கோட்டை எரிந்தது. ரியூக்யூ அரசர்களின் அரண்மனை. போரில் தரைமட்டமாகி 1992இல் திரும்ப எழுப்பியது. பொதுக்கூடத்து டிவி முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. செந்நிறக் கூரை உள்ளே விழுவதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஆசிரியை அன்றைக்கு எங்களிடம் ஜப்பானிய மொழியில் பேசவே இல்லை. தெரிந்த பாதி ஊர் மொழியில் ஒபாவோடு பேசிக்கொண்டிருந்தார். 

பிறகு கொரோனா, முகக்கவசம், மூடிய கூடம், காலி பஸ். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லா ஊரிலும் அதேதான்.

இப்போது பெரம்பலூரில் எங்கள் வீட்டு மாடியில் சாயங்காலம் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் நர்சிங் படித்த பெண்கள். 2019இல் ஜப்பான் கொண்டுவந்த புதிய திறன் விசாவில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக ஆசைப்படுகிறவர்கள். சென்னைக்குப் போய் விடுதியில் தங்கிப் படிக்க வசதியில்லை. தேர்வுக்கு மட்டும் சென்னை போனால் போதும் என்கிறார்கள். கைப்பேசியில் ஆயிரம் செயலி இருக்கிறது, எழுத்தெல்லாம் அவர்கள் அதிலேயே என்னைவிட வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் அவர்கள் போகப்போவது கிழவர்களிடம். கிழவர்கள் செயலியில் பேசுவதுபோல் பேச மாட்டார்கள். பல்லில்லாமல் பேசுவார்கள், பாதியில் ஊர் மொழிக்குத் தாவுவார்கள், சொன்னதையே சொல்வார்கள்.

அதனால் எழுத்து முடிந்ததும் நான் முதலில் போடுவது எங்கள் ஒன்னா ஒலிபெருக்கி. மொட்டைமாடியில் நின்று பதிவுசெய்தது. காற்று இரைச்சல், எதிரொலி, நடுவில் ஒபா வீட்டு நாய். போனவாரம் இந்த வருடத்துப் பெண்களுக்குப் போட்டேன். மூன்றுமுறை கேட்டுவிட்டு ஒருத்தி, "அக்கா, ஒண்ணுமே புரியலக்கா. எட்டு மட்டும் கேக்குது" என்றாள்.

"ஞாயித்துக்கெழம காலையில எட்டு மணிக்கு எல்லாரும் அரிவாளும் கையுறையும் எடுத்துக்கிட்டு வாங்க, ஊர் வாய்க்கால் சுத்தம் பண்ணணும்னு சொல்றாங்க" என்றேன்.

"ஜப்பான்லயுமாக்கா?" என்றாள் அவள். பின்வரிசையில் ஒருத்தி இன்னொரு தடவை போடச் சொன்னாள்.